வட்டியில்லாக் கடன் சங்கத்துக்கு நோட்டீஸ்: எந்த வார்த்தை போடலாம், எது போடக் கூடாது?

அலைவாய்க்கரை கேட்டது:

அஸ்ஸலாமு அலைக்கும், எல்லாருக்கும் வணக்கம்.

கீழக்கரைக்கும் ஏர்வாடிக்கும் இடைப்பட்ட ஊரில் ஒரு சிக்கன, கடன் கூட்டுறவுச் சங்கம். பதிவு இருக்கிறது. 640 உறுப்பினர்கள், ஆளுக்கு மாதம் 300 ரூபாய் சேமிப்பு. கடனுக்கு வட்டி கிடையாது, சேவைக் கட்டணம் மட்டும். இப்போது சாமான் வாங்கித் தவணையில் கொடுப்பதையும் தொடங்குகிறார்கள். ரமலானுக்கு முன்னால் நோட்டீஸ் அடித்து பள்ளிவாசல் பலகை, பஸ் ஸ்டாண்ட், மீன் ஏலம் நடக்கும் இடம், வாட்ஸ்அப் குழுக்கள் எல்லாவற்றிலும் போடத் திட்டம். வரைவு இது:

"அல்ஹம்துலில்லாஹ்! நமதூரில் இஸ்லாமிய வங்கிச் சேவை! 100% வட்டியில்லாக் கடன், சேவைக் கட்டணம் வெறும் 4% மட்டுமே! பிரிட்ஜ், தையல் மெஷின், போட் இன்ஜின் வாங்கக் குறைந்த லாபத்தில் கடன்! முன்கூட்டியே கட்டினால் தள்ளுபடி உறுதி! உங்கள் சேமிப்புக்கு நிச்சயமான ஹலால் லாபம்! ஆலிம்களின் அங்கீகாரம் பெற்றது. அனைவரும் வருக!"

இதில் மாற்ற வேண்டியது என்ன? "துபாயில் இஸ்லாமிய வங்கி என்று போர்டே இருக்கிறதே, இங்கே போட்டால் என்ன" என்று நிர்வாகக் குழுவில் பாதிப் பேர் கேட்கிறார்கள். இன்னொன்று, முஸ்லிம் அல்லாத கடல் தொழிலாளிகளிடம் இதை எப்படிக் கொண்டுபோவது?

---

கணக்கப்பிள்ளை பதில்:

சட்டத்தை மட்டும் சொல்கிறேன். மார்க்கத்தைத் தெரிந்தவர்கள் சொல்லட்டும்.

முதலில் "வங்கி" என்ற சொல்லை அடியுங்கள். வங்கி ஒழுங்குமுறைச் சட்டம் 1949, பிரிவு 7. உரிமம் இல்லாதவர் அந்தச் சொல்லைத் தொழிலுக்குப் பயன்படுத்தக் கூடாது. 2020 திருத்தத்துக்குப் பிறகு கூட்டுறவுச் சங்கங்களுக்கும் இது பொருந்தும். 2020 செப்டம்பர் 29 முதல் அமல். சில சங்கங்கள் பெயரில் "வங்கி" போட்டுக்கொண்டு, உறுப்பினர் அல்லாதவரிடமும் பெயரளவு உறுப்பினரிடமும் வைப்பு வாங்குகின்றன என்று 2021 நவம்பரில் ரிசர்வ் வங்கி பொதுமக்களை எச்சரித்தது. "பேங்க்", "பேங்கிங்" என்று தமிழ் எழுத்தில் போட்டாலும் அதே சொல்தான். "வங்கிச் சேவை", "வங்கி போல" என்பதும் வேண்டாம்.

துபாய்க் கதை இங்கே செல்லாது. அங்கே 1975-லேயே உரிமத்தோடு தொடங்கினார்கள். மலேசியாவில் 1983-இல் இதற்கென்றே தனிச் சட்டம் போட்டார்கள். அக்கரையிலே, இலங்கையில், 2005-இல் வங்கிச் சட்டத்தைத் திருத்தி இடம் கொடுத்தார்கள். அமானா வங்கி 2011-இல் வந்தது. இந்தியாவில் 2008-இல் ரகுராம் ராஜன் குழு வட்டியில்லா நிதிச் சேவைக்கு வழி செய்யலாம் என்றது. வங்கிகளில் அதற்கென்று தனிச் சாளரம் திறக்கும் யோசனையும் பின்னால் வந்தது. 2017-இல் ரிசர்வ் வங்கி அதை மேலே கொண்டுபோவதில்லை என்று முடித்துவிட்டது. ஆக, இங்கே "இஸ்லாமிய வங்கி" என்று போர்டு போட உரிமம் தர ஆளே இல்லை.

அடுத்து "நிச்சயமான லாபம்". மொத்த நோட்டீஸில் ஆளை உள்ளே தள்ளக்கூடிய வரி இதுதான். 2019-இன் ஒழுங்குபடுத்தப்படாத வைப்புத் திட்டங்கள் தடைச் சட்டத்தில், பணம் வாங்கினால்தான் குற்றம் என்றில்லை, அப்படி ஒரு திட்டத்துக்கு விளம்பரம் செய்து ஆளைக் கூப்பிடுவதே குற்றம். 1 முதல் 5 ஆண்டு வரை சிறை, 2 லட்சம் முதல் 10 லட்சம் வரை அபராதம். பதிவான சங்கம் தன் உறுப்பினரிடம் சேமிப்பு வாங்குவது வேறு விஷயம். ஆனால் நோட்டீஸ் கடைசியில் "அனைவரும் வருக" என்று ஊரையே கூப்பிடுகிறீர்கள். "உறுப்பினர்களுக்கு மட்டும்" என்ற வார்த்தை தலைப்புக்கு அடுத்த வரியிலேயே, மற்ற எழுத்தின் அளவிலேயே வர வேண்டும். அடியில் எறும்பு எழுத்தில் போட்டால் அது போட்டதாகவே கணக்கில் வராது.

போட வேண்டியவை: பதிவு எண், பதிவு ஆண்டு, அலுவலக முகவரி, "இங்குள்ள சேமிப்புக்கு வைப்புக் காப்பீடு கிடையாது" என்ற வரி. வங்கியில் 5 லட்சம் வரை காப்பீடு உண்டு, சங்கத்தில் இல்லை. இதை எழுதினால் ஆள் பயந்துவிடுவார் என்று சிலர் சொல்வார்கள். 2019-இல் பெங்களூரில் "ஹலால் முதலீடு" என்று சொல்லி வாங்கிய பணத்தை ஆயிரக்கணக்கான குடும்பங்கள் இழந்த பிறகு, இந்த வரியை எழுதாத நோட்டீஸைக் கண்டுதான் ஆள் பயப்படுகிறார்.

சாமான் வாங்கி விற்பதற்குச் சங்கத்தின் துணைவிதியில் இடம் இருக்கிறதா என்று பாருங்கள். சிக்கன, கடன் சங்கம் என்றால் பெரும்பாலும் இருக்காது. துணைவிதியைத் திருத்திப் பதிவாளர் ஒப்புதல் வந்த பிறகே அதற்கு விளம்பரம். விற்பனை வரம்பைத் தாண்டினால் ஜிஎஸ்டி பதிவும் உண்டு. 20,000 ரூபாயும் அதற்கு மேலும் ரொக்கமாகக் கடனோ வைப்போ கைமாறக் கூடாது என்பதால், "கையில் உடனடி ரொக்கம்" என்ற வகை வாசகமும் வேண்டாம்.

---

மஸாயில் பதில்:

கணக்கப்பிள்ளை அண்ணன் சட்டத்தில் அடித்த அதே வரிகளை மார்க்கமும் அடிக்கிறது.

"சேவைக் கட்டணம் 4%": சதவீதம் என்று போட்ட அன்றே அது கடன் தொகையோடு சேர்ந்து ஏறுகிறது. 10,000-க்கு 400, 50,000-க்கு 2,000. இரண்டுக்கும் எழுத்து வேலை ஒன்றுதானே, 1,600 எதற்கு? பதில் இல்லையென்றால் அது வட்டிதான், பெயர் மட்டும் வேறு. கட்டணத்தை ரூபாயில் மட்டும் சொல்லுங்கள்.

எவ்வளவு ரூபாய் என்பதில் ஒரு பழைய கருத்து வேறுபாடு இருக்கிறது. 1986-இல் சர்வதேச ஃபிக்ஹ் அகாடமி, அதாவது மார்க்கச் சட்ட அறிஞர்களின் அவை, கடன் கொடுக்க உண்மையில் ஆன செலவுக்குள் கட்டணம் வாங்கலாம் என்றது. பஹ்ரைனில் இருக்கும் அயோஃபி இஸ்லாமிய நிதி நிறுவனங்களுக்கு நியமம் வகுக்கும் அமைப்பு. அதன் 19-ஆம் ஷரீஅத் நியமம் இன்னும் இறுக்கமானது. அந்தக் கடனுக்கென்று நேரடியாக ஆன செலவு மட்டும்தான். சம்பளம், கட்டட வாடகை, பொது நிர்வாகச் செலவு சேரக் கூடாது. நம் நாட்டுச் சங்கங்கள் பெரும்பாலும் சம்பளம், வாடகை எல்லாம் கூட்டி, கடன் எண்ணிக்கையால் வகுத்துத்தான் வாங்குகின்றன. நீங்கள் எதைப் பின்பற்றுகிறீர்கள் என்று குழு முடிவெடுத்துத் தீர்மானப் புத்தகத்தில் எழுதுங்கள். நோட்டீஸில் "ஆன செலவு மட்டும், ஒரு கடனுக்கு ரூ. இவ்வளவு, ஆண்டுக் கணக்கு அலுவலகப் பலகையில்" என்று போட்டால் போதும்.

"தவணை நீட்டிக்கக் கட்டணம்" என்று எங்கேயும் வந்துவிடக் கூடாது. கட்ட முடியாதவனுக்கு அவகாசம் கொடு என்பது குர்ஆன் 2:280. அவகாசத்துக்கு விலை வைப்பதுதான் ஜாஹிலிய்யா காலத்து, அதாவது இஸ்லாத்துக்கு முந்தைய காலத்து, வட்டியே. வசதி இருந்தும் இழுத்தடிப்பவரிடம் தாமதத் தொகை வாங்கலாம் என்போரும், அதைச் சங்கம் எடுத்துக்கொள்ளாமல் தர்மத்துக்குக் கொடுக்க வேண்டும் என்றுதான் சொல்கிறார்கள். வாங்குவதானால் அந்தப் பணம் எங்கே போகிறது என்றும் எழுதுங்கள்.

இப்போது சாமான் விஷயம். "குறைந்த லாபத்தில் கடன்" என்ற மூன்று சொல்லில் வியாபாரமே கெட்டுவிட்டது. கடனில் லாபம் வந்தால் வட்டி. நீங்கள் செய்யப்போவது முராபஹா, அதாவது வாங்கின விலையையும் வைத்த லாபத்தையும் சொல்லி விற்பது. அங்கே கடனே கிடையாது, தவணை விற்பனை. ஒழுங்கு இப்படி: உறுப்பினர் மாடலைச் சொல்லிக் கடை விலைச்சீட்டைச் சங்கத்தின் பெயரில் வாங்கி வருகிறார், வாங்கிக்கொள்வேன் என்று எழுதிக் கொடுக்கிறார். சங்கம் கடைக்காரருக்கு நேரே கணக்கில் பணம் அனுப்புகிறது. பில் சங்கத்தின் பெயரில். சாமான் சங்கத்தின் கைக்கு வருகிறது. அதற்குப் பிறகே விற்பனைப் பத்திரம்: வாங்கின விலை 30,000, லாபம் 3,000, விற்பனை விலை 33,000, மாதம் 3,000 வீதம் 11 தவணை. கையெழுத்து, ஒப்படைப்பு.

பிசகுவது எல்லாம் நடுவில்தான். அலைச்சல் வேண்டாம் என்று உறுப்பினர் கையிலேயே 30,000-ஐக் கொடுத்து "நீங்களே வாங்கிக்கங்க" என்பார்கள். அன்றே அது 30,000 கொடுத்து 33,000 வாங்குவது ஆகிவிடும். இல்லையென்றால் பில் உறுப்பினர் பெயரில் இருக்கும். அவருடைய சாமானையே அவருக்கு விற்ற கதை. சங்கத்தின் கையில் இருக்கும்போது பிரிட்ஜ் உடைந்தால் நட்டம் சங்கத்துக்கு. அந்தப் பொறுப்புக்குத்தான் அந்த 3,000. கடைக்காரர் சங்கத்துக்குத் தனியாக 1,000 கழித்தால் வாங்கின விலை 29,000 என்றுதான் சொல்ல வேண்டும்.

"முன்கூட்டிக் கட்டினால் தள்ளுபடி உறுதி" என்பதையும் எடுங்கள். சங்கம் மனமுவந்து குறைக்கலாம், முன்னாலேயே வாக்குக் கொடுப்பதைத்தான் அயோஃபி ஏற்பதில்லை. மலேசியக்கார உறவினர் யாராவது "எங்க பத்திரத்துல இருக்கே" என்பார்கள். உண்மைதான், அங்கே மத்திய வங்கியான பேங்க் நெகாரா ஒப்பந்தத்திலேயே எழுதச் சொல்கிறது. அது அவர்கள் நிலைப்பாடு.

"ஆலிம்களின் அங்கீகாரம்": எந்த ஆலிம், எந்தப் பத்திரத்தைப் படித்தார், எந்தத் தேதியில்? ஃபத்வா ஒரு ஒப்பந்தத்துக்குத்தான், கட்டடத்துக்கு இல்லை. பத்திரத்தை மாற்றினால் பழைய கையெழுத்து செல்லாது. இன்னொன்று, நோட்டீஸ் வெளியீட்டை ஒரே இயக்கத்தின் மேடையில் வைத்தால் மற்றப் பாதி ஊர் அன்றோடு வராது. இது மஸ்அலா (மார்க்கச் சட்டம்) இல்லை, ஊர் நடப்பு.

---

தோணித்துறை பதில்:

கடல் தொழிலாளிகள் பக்கம் மட்டும்.

மண்டபம், பாம்பன், ஏர்வாடி, தொண்டி எங்கே போனாலும் நாட்டுப்படகுக்காரர் பெரும்பாலும் வியாபாரியிடம் முன்பணம் வாங்கியிருப்பார். அதற்கு வட்டி கிடையாது. அதனால் "வட்டியில்லாக் கடன்" என்று நீங்கள் போய் நின்றால் "எனக்கு ஏற்கெனவே வட்டி இல்லாமத்தான் தர்றாங்க" என்பார். வட்டி மீன் விலையில் இருக்கிறது. முன்பணம் வாங்கியவர் மீனை அந்த வியாபாரிக்குத்தான் போட வேண்டும், கிலோவுக்கு இவ்வளவு குறைத்துத்தான் போட வேண்டும்.

அதைத் தாளில் போட்டுக் காட்டுங்கள். 50,000 முன்பணம், கிலோவுக்கு 10 ரூபாய் குறைவு, ஒரு நாளைக்கு 15 கிலோ, மாதம் 20 நாள் தொழில் என்று வைத்துக்கொண்டால் 10 × 15 × 20 = மாதம் 3,000. நூற்றுக்கு 6, அதுவும் மாதத்துக்கு. அசல் 50,000 அப்படியே நிற்கும். இந்த எண்களை அவர் வாயாலேயே சொல்லவைத்து, அவருடைய எண்ணை வைத்துக் கணக்குப் போட வேண்டும். ஏலம் நடக்கும் இடத்தில் வியாபாரி நிற்கும்போது இதைப் பேசாதீர்கள். அவர்தான் டீசலுக்கும் ஐஸுக்கும் கைகொடுப்பவர். சாயங்காலம் வலை பொத்தும் இடத்தில் பேசலாம். முன்பணத்தை அடைக்க முராபஹா உதவாது, அங்கே வாங்கிக் கொடுக்கச் சாமான் ஏதும் இல்லை. கடன்தான். இன்ஜின், வலை, ஐஸ் பெட்டிக்குத் தவணை விற்பனை. இரண்டையும் ஒரே நோட்டீஸில் குழப்பாமல் இரண்டு தாளாகப் போடுங்கள்.

தவணையை மாதச் சம்பளக்காரர் கணக்கில் போடாதீர்கள். விசைப்படகில் வேலைக்குப் போகிறவருக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம், வருமானம் நிற்கும். ஜூன் கடைசியிலிருந்து தொடங்கும் தவணை என்றால் கட்டுவார். வடகிழக்குப் பருவ மாதங்களில் காற்று, புயல் கூண்டு என்று நாள் போகும். 10 மாதத் தவணை என்பதை "12 மாதத்துக்குள் 10 தவணை" என்று அச்சடித்தால் அவருக்கு மூச்சுவிட இடம் உண்டு, உங்கள் வாராக்கடன் பட்டியலும் வீங்காது.

நோட்டீஸ் தலையில் பிறையும் மினாராவும் 786-ம் இருந்தால் பரதவரும் கடையரும் "இது பாய்மாருக்கு" என்று அடுத்த சுவரைப் பார்ப்பார்கள். ஷரீஅத், முராபஹா, கர்ழ் ஹஸன் (வட்டியில்லாக் கடன்) எதுவும் அந்தத் தாளில் வேண்டாம். வட்டியில்லை, ஒளித்துவைத்த பிடித்தம் இல்லை, மீனை யாருக்கு வேண்டுமானாலும் போடலாம். இந்தக் கடைசி வரிதான் அவரை நிற்க வைக்கும். ஆனால் அவர் உறுப்பினராக முடியுமா? துணைவிதியில் "ஜமாஅத்தைச் சேர்ந்தவர்" என்று இருந்தால் இந்தப் பேச்சு எல்லாம் வீண்.

---

அலைவாய்க்கரை:

துணைவிதியில் ஊர் எல்லைதான் இருக்கிறது, மதம் இல்லை. சாமான் விற்பனைக்கு இடம் இல்லை, அதனால் அதை நோட்டீஸிலிருந்து இப்போதைக்கு எடுத்தாச்சு.

கட்டணம் பற்றி: சம்பளம், வாடகை, அச்சு, தணிக்கை எல்லாம் சேர்த்து ஆண்டுக்கு 2,88,000 ஆகிறது. ஆண்டுக்கு 480 கடன். வகுத்தால் 600. எல்லாருக்கும் 600 என்று போட்டால் சரியா?

---

கணக்கப்பிள்ளை பதில்:

மார்க்கத்தில் என்ன நிலையோ, கணக்கில் இடறும். 10,000 கடனை மாதம் 1,000 வீதம் 10 மாதத்தில் கட்டுபவரிடம் சராசரியாக நிற்கும் பாக்கி 5,500 தான். அதற்கு 600 என்றால் ஆண்டுக் கணக்கில் 13% பக்கம். 50,000 வாங்குபவருக்குச் சராசரி பாக்கி 27,500, அவருக்கு 2.6%. ஏழைக்கு 13, வசதியானவருக்கு 2.6. "வட்டியில்லா" என்று கொட்டை எழுத்தில் போட்ட நோட்டீஸை ஒரு பி.காம் படிக்கும் பையன் பத்து நிமிடத்தில் கிழித்து வாட்ஸ்அப்பில் போட்டுவிடுவான்.

---

மஸாயில் பதில்:

அதோடு அந்த 2,88,000-இல் பாதி வேலை சேமிப்பு வசூலுக்கு ஆனது. அதைக் கடன்காரர் தலையில் வைப்பது தளர்ந்த கருத்தின்படியும் கூடாது. குமாஸ்தாவின் நேரத்தைப் பிரித்துப் பாருங்கள். கடன் வேலைக்கு உண்மையில் பாதிதான் ஆகிறது என்றால் 1,44,000, கடனுக்கு 300. விண்ணப்பம், ஜாமீன் சரிபார்ப்பு, பத்திரம் என்று வேலைக்கு ஏற்பத் தொகை மாறலாம். இரண்டு ஜாமீன் வீட்டுக்கும் போய்ப் பார்க்க வேண்டிய 50,000 கடனுக்கு 450, ஒரே தாளில் முடியும் 10,000 கடனுக்கு 150 என்றால் அது வேலைக்கான வித்தியாசம், தொகைக்கானது இல்லை. மீதி நிர்வாகச் செலவுக்கு வசதியுள்ளவர்களின் நன்கொடை, துணைவிதி திருத்தம் வந்த பின் சாமான் வியாபாரத்தின் லாபம். ரமலானில் நோட்டீஸ் போனால் ஸகாத் பணமும் வரும். அதைத் தனிக் கணக்கில் வையுங்கள். கடன் சுழற்சியிலோ குமாஸ்தா சம்பளத்திலோ சேர்த்துவிடாதீர்கள்.

---

பாக்குநீர் பதில்:

எல்லாரும் வாசகத்தைப் பார்க்கிறீர்கள். காக்கா, பணம் இருக்கா? 640 × 300 = மாதம் 1,92,000. சேமிப்பைத் திரும்பக் கேட்டு வருபவருக்கென்று கால் பங்கை ஒதுக்கினால் 1,44,000 மிச்சம். 20,000 வீதம் புதுப் பணத்தில் ஏழு கடன். பழைய தவணை திரும்பி வருவதையும் சேர்த்தாலும் ஆண்டுக்கு 480, அதாவது மாதம் 40 தான் உங்கள் கணக்கே. பஸ் ஸ்டாண்டில் "வட்டியில்லாக் கடன்" என்று ஒட்டினால் முதல் வாரத்திலேயே அதைவிட அதிகம் பேர் வருவார்கள். பெருநாள் செலவு, அடுத்து மே, ஜூனில் பள்ளிக் கட்டணம், எல்லாம் ஒரே நேரம். அதே மாதங்களில்தான் சேமிப்பைத் திரும்ப எடுப்பவர்களும் வருவார்கள். கடன் இல்லை என்று திரும்பிப் போனவர் அடுத்த வருடம் வரமாட்டார், போகிற வழியெல்லாம் சொல்லிக்கொண்டே போவார்.

ஆகவே முதல் நோட்டீஸ் சேமிப்புக்கு மட்டும். வீட்டுப் பெண்கள்தான் மாதச் சேமிப்பைக் கட்டுபவர்கள். அந்தத் தாளைப் பள்ளிவாசல் பலகையில் மட்டும் ஒட்டினால் அவர்கள் கண்ணில் படாது. பெண்கள் மதரஸா, தையல் வகுப்பு வழியாக, வீடு வீடாகப் போகும் ஒரு லாத்தா (அக்கா) கையில் கொடுங்கள். வளைகுடாவில் இருப்பவர்களின் வாட்ஸ்அப் குழுவுக்கு வேறு செய்தி: சேமிப்பு குடும்பத்தில் இங்கே உறுப்பினராக இருப்பவர் பெயரில்தான், வெளிநாட்டிலிருந்து நேரடி வைப்பு வாங்குவதில்லை. இரண்டு, மூன்று மாதம் கழித்துக் கடன் நோட்டீஸ், அதுவும் உறுப்பினராகி ஆறு மாதம் சேமித்தவருக்கு மட்டும் என்ற நிபந்தனையோடு. ஜும்ஆ பயானில் அறிவிக்கச் சொல்லாதீர்கள். மிம்பரில் (பள்ளிவாசல் உரைமேடையில்) சொன்னால் கேட்பவர் அதை மார்க்கத்தின் உத்தரவாதமாக எடுத்துக்கொள்வார், நாளைக்குத் தவணை இழுபறி ஆனால் இமாமிடம் போய் நிற்பார்.

---

அலைவாய்க்கரை:

எல்லாருக்கும் நன்றி, ஜஸாகல்லாஹ். குழுவில் வாசித்துக் காட்டினேன். முதல் தாள் இப்படி நிற்கிறது:

"மாதச் சேமிப்பு. சங்க உறுப்பினர்களுக்கு மட்டும். மாதம் 300 ரூபாய் முதல். சேமிப்புக்கு வட்டியோ லாபமோ தரப்படாது. திரும்பப் பெற 15 நாள் முன்னறிவிப்பு. இந்தப் பணம் உறுப்பினர்களுக்கு வட்டியில்லாக் கடனாகச் சுழல்கிறது. இங்குள்ள சேமிப்புக்கு வைப்புக் காப்பீடு கிடையாது. வரவு செலவுக் கணக்கு ஒவ்வொரு மாதமும் அலுவலகப் பலகையில். ஊர் எல்லைக்குள் வசிக்கும் எவரும் உறுப்பினராகலாம்." கீழே பதிவு எண், முகவரி.

---

கணக்கப்பிள்ளை பதில்:

"ஒவ்வொரு மாதமும்" என்பதை எடுத்து "மூன்று மாதத்துக்கு ஒருமுறை" என்று போடுங்கள். உங்களிடம் இருப்பது ஒரே ஒரு குமாஸ்தா. ஒரு மாதம் பலகை காலியாக இருந்தாலும் முதலில் கேட்பது அதைத்தான்.